கொலோசல் கேவ்: குகைக்குள் முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு

“படமே கிடையாதா மாமா?” திரையைப் பார்த்ததும் அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி இது.

கேரள எல்லையில் எங்கள் ஆரியங்காவில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் நாலு நாள் வீட்டுக்குள்தான். என் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் பெரிய கேம் எதுவும் ஓடாது. தடங்கலில்லாமல் ஓடுவது ஒன்றே ஒன்று: ‘கொலோசல் கேவ் அட்வென்ச்சர்’. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். காடு, குகை, பாம்பு, குள்ளர்கள், டிராகன் எல்லாமே அந்த எழுத்துக்குள்தான் இருக்கின்றன. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கேயும் எழுதுகிறேன். முழு விடையையும் தரப்போவதில்லை. குகைக்குள் இறங்கி, நாலைந்து பொக்கிஷத்தோடு உயிரோடு வெளியே வரும்வரை கூட வருகிறேன். அதற்கப்புறம் உங்கள் பாடு.

படி 1: கம்ப்யூட்டரில் ஏற்றுவது

உபுண்டு மாதிரி லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ‘பிஎஸ்டிகேம்ஸ்’ என்ற தொகுப்பை ஏற்றிக்கொண்டு, டெர்மினலில் ‘அட்வென்ச்சர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். காசு கிடையாது. விண்டோஸ்காரர்கள் பெயரைத் தேடினால் பிரவுசரிலேயே ஆடும்படி பல வடிவங்கள் கிடைக்கும். அவற்றில் 350 மதிப்பெண் உள்ளதை எடுங்கள். 430 மதிப்பெண் உள்ளது பின்னால் விரிவாக்கியது. முதல் தடவைக்கு அது அதிகம். போனிலும் ஆடலாம், ஆனால் விரல் வலிக்கும்.

படி 2: கோடு போடாத நோட்டு, பென்சில், ரப்பர்

இதை விட்டுவிட்டு ஆட உட்காராதீர்கள். இந்த விளையாட்டின் கதை திரையில் பாதிதான் இருக்கிறது, மீதி நீங்கள் போடும் மேப்பில் இருக்கிறது.

காரணம் உண்டு. இதை எழுதிய வில்லியம் க்ரவுதர், அமெரிக்காவில் இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் வேலை பார்த்த புரோகிராமர். கூடவே குகைக்கிறுக்கு. அவரும் மனைவி பாட்ரிசியாவும் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதிக்குள் ஊர்ந்து போய் அளந்து, அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடம் போட்டவர்கள். உலகத்திலேயே நீளமான குகை அது. இதுவரை அளந்தது மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். பிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத் குகையும் உள்ளுக்குள் ஒன்றுதான் என்று 1972-ல் கண்டுபிடித்த குழுவில் பாட்ரிசியாவும் ஒருவர். பிறகு மணமுறிவு. பிள்ளைகளோடு ஆடுவதற்கென்று 1975, 76 வாக்கில், தனக்கு அத்துப்படியான அந்தக் குகையையே ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு விளையாட்டாக எழுதினார் க்ரவுதர். பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டான் உட்ஸ் கண்ணில் அது பட்டது. அவர் க்ரவுதரிடம் அனுமதி வாங்கி, 1977-ல் டிராகன், பாலத்துப் பூதம் என்று மாயங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினார். ஆக, அடியில் கிடப்பது நிஜக் குகை, கதை அதன் மேல் பூசியது. கையில் மேப் இல்லாமல் போனால் நிஜக் குகையில் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும்.

மேப் போடும் விதம் இது. ஓர் இடத்துக்கு ஒரு வட்டம். எந்தத் திசையில் கிளம்பினீர்களோ அதை வட்டத்தின் ஓரத்தில் எழுதி, அடுத்த வட்டத்துக்குக் கோடு இழுங்கள். திரும்பி வரும் திசையைக் கோட்டின் மறுமுனையில் தனியாக எழுத வேண்டும். கிழக்கே போனவன் மேற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவான் என்பது நம் தெருவில் சரி. குகையில் பாதை வளையும். பையன் படிப்பது மலையாளம் மீடியம், அதனால் திசைகளை மலையாள எழுத்தில்தான் குறித்தான். கிழக்கும் வடக்கும் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான், மேற்கு மட்டும் அவன் நோட்டில் ‘படிஞ்ஞாறு’. எப்படி எழுதினால் என்ன, பேனாவால் மட்டும் எழுதாதீர்கள். பத்துக் கோட்டில் மூன்று கோடு தப்பாகத்தான் விழும்.

படி 3: முதல் கேள்விக்கு ‘எஸ்’ சொல்லுங்கள்

தொடங்கியதும் விளக்கம் வேண்டுமா என்று கேட்கும். தெரிந்தவன் மாதிரி ‘நோ’ தட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ‘எஸ்’ சொன்னால் சில மதிப்பெண் குறையும். பதிலுக்கு உங்கள் விளக்கு 1000 திருப்பம் எரியும். ‘நோ’ சொன்னால் 330 திருப்பம்தான். ஒவ்வொரு கட்டளையும் ஒரு திருப்பம். புதியவர்களுக்கு 330 எந்த மூலைக்கும் பத்தாது.

படி 4: செங்கல் வீட்டில் இருக்கும் நாலு பொருள்

ஒரு சாலையின் முடிவில் நிற்கிறீர்கள். எதிரே சின்னச் செங்கல் கட்டிடம், சுற்றிலும் காடு, கட்டிடத்துக்குள்ளிருந்து ஒரு ஓடை. கதை தொடங்குவது இங்கேதான். பக்கத்தில் எங்கோ ஒரு பெரிய குகை இருக்கிறது, சிலர் பொன்னோடு திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை. உங்களுக்குச் சொல்லப்படும் முன்கதை அவ்வளவுதான். இளவரசியும் இல்லை, சாபமும் இல்லை.

‘என்டர்’ என்று தட்டினால் வீட்டுக்குள் போவீர்கள். சாவி, விளக்கு, சாப்பாடு, தண்ணீர் பாட்டில் கிடக்கும். கட்டளை எல்லாம் ஆங்கிலத்தில், இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்: ‘டேக் லேம்ப்’, ‘டேக் கீஸ்’. நாலையும் எடுங்கள். ‘இன்வென்டரி’ என்றால் கையில் இருப்பதைக் காட்டும், ‘லுக்’ என்றால் இடத்தை மறுபடி விவரிக்கும். ஏழு பொருளுக்கு மேல் சுமக்க முடியாது. இந்த வீட்டை மறக்காதீர்கள். பொக்கிஷத்தைக் கொண்டுவந்து போட வேண்டிய இடம் இதுதான்.

படி 5: கம்பிக்கதவு

வீட்டுக்கு வெளியே வந்து மூன்று தடவை ‘சவுத்’. பள்ளத்தாக்கு, பாறைப் பிளவு, அப்புறம் ஒரு பள்ளம். அங்கே தரையில் பூட்டிய இரும்புக் கம்பிக்கதவு. ‘அன்லாக் கிரேட்’, பிறகு ‘டவுன்’. இறங்கியதும் விளக்கை ‘ஆன்’ செய்து பழகிக்கொள்ளுங்கள்.

செங்கோட்டையிலிருந்து வரும் ரயில் பகவதிபுரம் தாண்டி மலைக் குகைக்குள் நுழையும்போது பெட்டியில் விளக்கு இல்லையென்றால் எப்படி இருக்கும்? பிள்ளைகள் ‘ஓ’வென்று கூவுவார்கள். இங்கே கூவினால் ஆகாது. ‘கும்மிருட்டு, மேலே நடந்தால் பள்ளத்தில் விழ வாய்ப்பு அதிகம்’ என்று சொல்லும். அதை மதிக்காமல் இன்னொரு அடி வைத்து மூன்று தடவை செத்தான் என் மருமகன். செத்தால் உயிர்ப்பித்துவிடட்டுமா என்று விளையாட்டே கேட்கும், மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு. ரொம்பத் தடவை கேட்காது.

படி 6: பறவை

மேற்கே போங்கள். கூழாங்கல் நிறைந்த தாழ்வான வழியில் ஒரு கூண்டு கிடக்கும், எடுங்கள். இன்னும் மேற்கே குப்பைகூளம் அடைந்த அறை. அங்கே முனையில் துருப்பிடித்த நட்சத்திரம் வைத்த கறுப்புக் கோல் கிடக்கும், அதையும் எடுங்கள். சுவரில் ஒரு மந்திரச் சொல்: எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த அறையில் அதைத் தட்டினால் செங்கல் வீட்டில் இருப்பீர்கள், வீட்டில் தட்டினால் இங்கே.

மறுபடி இரண்டு தடவை மேற்கு. ஆரஞ்சு நிறக் கல் உறைந்த ஆறாக வழியும் பெரிய கூடம். நடுவில் ஒரு சின்னப் பறவை. ‘டேக் பேர்ட்’ என்று தட்டினால் வராது. நீ வந்தபோது பயமில்லாமல்தான் இருந்தது, கிட்டே போனால் கலவரப்படுகிறது என்று மட்டும் சொல்லும். பையன் எட்டு தடவை அதையே தட்டினான். சாப்பாட்டை நீட்டிப் பார்த்தான். வெளியே போய்த் திரும்பி வந்து பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மழை விட்டு, கடைக்கு ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்து போகும்வரை யோசித்தவன், “கம்பு வச்சிருக்கேன்ல மாமா, அடிப்பேன்னு பயப்படுதோ?” என்றான். ‘டிராப் ராட்’, ‘டேக் பேர்ட்’. பறவை கூண்டுக்குள். பிறகு கோலை மறுபடி எடுத்துக்கொண்டான்.

விடையை நான் இங்கே உடைத்ததற்குக் காரணம், மற்றப் புதிர்களும் இந்த மாதிரிதான் என்று காட்டுவதற்கு. மாற்ற வேண்டியது பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பதைத்தான்.

படி 7: பாம்பு

மேற்கே போய்க் கீழே இறங்கினால் மூடுபனிக் கூடம். அங்கிருந்து இன்னும் கீழே மலையரசன் கூடம், அங்கே வழியை மறித்துப் பெரிய பச்சைப் பாம்பு. அடிக்கப் போகாதீர்கள். ‘ரிலீஸ் பேர்ட்’ என்று தட்டுங்கள். பாம்பைப் பறவை விரட்டிவிடும். இப்போது தெற்கில் நகைகள், மேற்கில் காசுகள், வடக்கே வெள்ளிக் கட்டிகள். மூன்றையும் எடுத்து மேப்பில் குறியுங்கள். இடம் போதாவிட்டால் கூண்டைப் போட்டுவிடலாம், சாவியை வேண்டாம்.

மூடுபனிக் கூடத்தின் மேற்கே ஒரு பிளவு இருக்கிறது. அந்தக் கறுப்புக் கோலை அங்கே ஆட்டிப் பாருங்கள். அக்கரையில் வைரம்.

படி 8: வீடு திரும்புவது

வெள்ளிக் கட்டிக்கு வடக்கே ‘ஒய் 2’ என்று பாறையில் எழுதிய அறை. குகை அளப்பவர்கள் நிஜமாகவே போடும் குறி அது. இங்கே நின்றால் எப்போதாவது ஒரு வெற்றுக்குரல் இன்னொரு மந்திரச் சொல்லைச் சொல்லும்: பி, எல், யு, ஜி, எச். அதைத் தட்டினால் நேரே செங்கல் வீடு. பொக்கிஷங்களை ‘டிராப்’ செய்து ‘ஸ்கோர்’ பாருங்கள். முதல் நாளுக்கு இது போதும்.

இனி நீங்களே போகலாம், சில எச்சரிக்கைகளோடு. குள்ளன் ஒருவன் கோடரி வீசித் தப்பி ஓடுவான். அந்தக் கோடரியை எடுத்து வையுங்கள், அடுத்தவன் வரும்போது வீச வேண்டியது அதைத்தான். கொள்ளையன் ஒருவன் பொக்கிஷத்தைப் பிடுங்கிக்கொண்டு போவான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் வளைவழிகளில் மாட்டினால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வையுங்கள். அங்கே மேப் போட வேறு வழியே இல்லை. டிராகனை அடிக்கப் போனால் விளையாட்டு உங்களை ஒரு கேள்வி கேட்கும். கேலி என்று நினைத்து ஒதுக்காமல் பதில் சொல்லுங்கள்.

அவ்வப்போது ‘சேவ்’ செய்யுங்கள். வைரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருந்த நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று மூன்று மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது நான்தான். அன்று அவன் என்னோடு பேசவில்லை.

மறுநாள் வந்து முதலிலிருந்து தொடங்கி, மேப் இருந்ததால் கால் மணி நேரத்தில் வைரம் வரை போய்விட்டான். பிறகு ‘ஈட் ஃபுட்’ என்று தட்டினான். ‘நன்றி, ருசியாக இருந்தது’ என்று பதில் வந்தது. அவனுக்கு ஒரே சிரிப்பு. பூதம் காக்கும் பாலத்துக்கு அப்பால் பசியோடு ஒரு கரடி கட்டிக் கிடப்பதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.