கெக் பீர் நுரைத்துக் கொட்டுகிறதா? ரெகுலேட்டரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

வீட்டில் காய்ச்சி கெக்கில் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) அடைத்த பீர், கிளாஸில் முக்கால்வாசி நுரையாக விழுந்தால் பலருக்கும் கை முதலில் போவது, கரியமில வாயு சிலிண்டரின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் திருகுக்குத்தான். பாண்டியில் அதைக் கடைசிக்கு வையுங்கள். நம்ம ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டை.

முதலில் ஒரு சோதனை. இடைவெளி விடாமல் இரண்டு கிளாஸ் பிடியுங்கள். கிளாஸைச் சாய்த்து, டேப்பை முழுசாகத் திறக்க வேண்டும். பாதி திறந்தாலே நுரைக்கும். முதல் கிளாஸ் நுரைத்து, இரண்டாவது ஒழுங்காக விழுந்தால் கெக்கில் குறையில்லை. டேப்பிலும் குழாயிலும் நின்ற பீர் சூடாகியிருக்கிறது. சூடேறிய பீரில் கரியமில வாயு தங்காது, வரும் வழியிலேயே பிரிந்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவில் டேப் பொருத்தியிருந்தால் கத்திரி வெயிலில் இது சகஜம். குழாய் முழுவதையும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சுருட்டி வையுங்கள். உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் வைத்து, அடியில் தேங்கும் குளிர்காற்றை டேப்பின் பின்பக்கத்துக்குத் தள்ளுங்கள். காசு செலவழிப்பதென்றால் முதலில் இதற்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

இரண்டுமே நுரைத்தால் இரண்டாவது கிளாஸில் தெர்மாமீட்டரை விடுங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 10 காட்டினால் வேறு எதையும் தொடாதீர்கள். நீண்ட நேரம் கரண்ட் போய் வந்திருந்தால், 19 லிட்டர் கெக் மறுபடி குளிர ஒரு நாள் விடுங்கள்.

குளிர்ச்சி சரியா? அப்புறம்தான் அழுத்தம். 4 டிகிரியில் 10 முதல் 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) போதும். வேகமாக கேஸ் ஏற்ற 30-இல் வைத்து அப்படியே விட்டிருந்தால், பீருக்குள் வாயு அளவுக்கு மீறி ஏறியிருக்கும். கேஸ் இணைப்பைக் கழற்றி, கெக் மூடியிலுள்ள வால்வை இழுத்துவிடுங்கள்; சில மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்துகொண்டே வந்தால் இறங்கிவிடும். 2, 3 பிஎஸ்ஐயில் வைத்து ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். குழாயிலேயே வாயு பிரிந்து நுரை கூடும், நாளாக ஆக பீரும் சப்பென்று ஆகிவிடும்.

அழுத்தமும் சரியென்றால் குழாயைப் பாருங்கள். உள்விட்டம் சுமார் 5 மில்லிமீட்டர், நீளம் 2 முதல் 3 மீட்டர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அகலமான தண்ணீர்க் குழாயில் தடையே இல்லாததால் பீர் சீறிக்கொண்டு வரும். கெக்கிலிருந்தே குமிழ்கள் வரிசையாக ஓடி வந்தால், கெக்கில் பீர் வரும் முனைக்கு அடியில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிழிந்திருக்கலாம். முனையைக் கழற்றும் முன் உள்ளிருக்கும் அழுத்தம் முழுவதையும் கட்டாயம் வெளியேற்றுங்கள்.

சொட்டுச் சொட்டாக வந்தால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துகள் அடைத்திருக்கும். அதே முனையைச் சுத்தம் செய்தால் போதும்.

பீர் சப்பென்று இருந்தால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். கசிவு இல்லையென்றால் சிலிண்டரை எடை போடுங்கள். உள்ளே திரவமாக வாயு மிச்சம் இருக்கும்வரை மீட்டர் முள் பெரிதாக இறங்காது, அதை நம்ப முடியாது.