பிபி மெஷின் கூட்டிக் காட்டினால்

மெஷினில் 158/96. மாத்திரையைப் பற்றி யோசிக்கும் முன் மேல்கையை டேப்பால் அளந்தேன்: 35 செ.மீ. மெஷினோடு வந்த, கையில் சுற்றும் பட்டையில் 22–32 செ.மீ. என்று அச்சடித்திருந்தது. பட்டை சிறியதானால் அளவு ஏற்றித்தான் காட்டும். பெரிய பட்டை மாட்டியதும் 142/88.

அடுத்தது கை வைக்கும் இடம். இதய மட்டத்துக்குக் கீழே 10 செ.மீ. இறங்கினாலே சுமார் 7–8 புள்ளி கூடும். மேசைமேல் தலையணை வைத்து அதன்மேல் கையை வைத்தால் சரியாகிவிடும். சிறுநீர் கழித்துவிட்டு, காலை என்றால் காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, முதுகைச் சாய்த்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் (சீரியலும் வேண்டாம்). காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, 7 நாள் அளந்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். 135/85ஐத் தாண்டினால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.