அமெரிக்காவில் இருக்கும் நம்ம பையன் துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்க வேண்டுமென்றால்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிள் எக்சோஸ், அதாவது புகைக்குழாய்தான், அதையும் பையன்கள் கழற்றி எறிந்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குச் செம்பனைக் காட்டு ரோட்டைக் கிழித்துக்கொண்டு போவார்கள். அதனால் ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா மகன் துப்பாக்கி முனையில் கறுப்புக் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் அக்கா பயந்துவிட்டார், பையன் என்னவோ ஆகிவிட்டான் என்று. அதன் பிறகு கோப்பிக்கடையில் இதை எப்படி வாங்குவது என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், மூன்று பேருக்கும் பிள்ளைகள் அமெரிக்காவில். நான் அக்கா மகனோடு ஒரு மாதம் தங்கிப் பார்த்தவன் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தச் சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வருகிற மாதிரி ‘புஸ்’ என்று கேட்காது. வெடிக்கும்போது வெளியே பாய்கிற சூடான வாயுவை உள்ளே தடுப்புத் தட்டுகளில் மோதவிட்டு மெதுவாக விடும், அவ்வளவுதான். 1909இல் ஹிராம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கினார், அவரே இஞ்சின் சத்தத்தை அடக்கும் குழாயும் செய்தார், ஆக நம்ம எக்சோஸுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம். சத்தம் குறைவது ஏறக்குறைய 20 முதல் 35 டெசிபல். பெரிய ரைபிள் 160க்கு மேலே கத்தும், மாட்டினால் 130 சொச்சத்துக்கு இறங்கும், அப்போதும் காதுக்குக் கவசம் போடுவதுதான் புத்தி. ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றில் தனியாக ஒரு ‘டப்’ போடும், அதை இந்தக் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாகப் போகிற பாயின்ட் 22 என்ற சின்னத் தோட்டா போட்டால்தான் உண்மையிலேயே அமைதி. அவன் சுட்டபோது இரும்புத் தட்டில் பட்ட சத்தம்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

சரி, வாங்குவது. கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, எந்த மாநிலம். 42 மாநிலங்களில் வைத்திருக்கலாம். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய், இந்த எட்டிலும் சாதாரண ஆளுக்குக் கிடையாது. டெக்சாஸில் வாங்கிவிட்டு வேலை மாறி இல்லினாயில் இருக்கும் சிகாகோவுக்குப் போனால் கூடவே கொண்டு போக முடியாது, இதைப் பலர் யோசிப்பதில்லை.

இன்னொன்று, பையன் எந்த விசாவில் இருக்கிறான். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் சிக்கலில்லை, கடையில் வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும், குற்றப் பதிவு இருக்கக்கூடாது. படிப்பு விசா, எச்1பி வேலை விசா என்றால் கதை வேறு. அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கியைத் தொடுவதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த வழியில் போகிறவன் முதலில் வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகட்டும், விசாவே போய்விடும் விஷயம். நான் சுற்றுலா விசாவில் போனவன், வேட்டை லைசென்ஸும் எடுக்கவில்லை. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், அவன் ‘மாமா ஒரு தடவை’ என்று நீட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டும் சரியென்றால் கடை. எல்லாத் துப்பாக்கிக் கடையிலும் விற்க முடியாது, இதற்கென்று தனி வரி கட்டிய டீலராக இருக்க வேண்டும். முதல் தடவை வாங்குகிறவன் பாயின்ட் 22க்கு உள்ளதையே வாங்கட்டும், விலையும் குறைவு, தோட்டாவும் மலிவு. ஆனால் அந்தத் தோட்டா ஈயப் பிசுக்கு நிறைய விடும், அதனால் கழற்றிக் கழுவக்கூடியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். சீல் வைத்த மாடலை வாங்கினால் உள்ளே ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் ஒட்டுப்பால் பிடித்த மாதிரி ஆகிவிடும், சுரண்டவும் முடியாது. துப்பாக்கிக் குழலின் முனையில் மரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாயின்ட் 22க்கு வழக்கமாக அரை அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 28 சுற்று. மரை கோணலாக இருந்தால் தோட்டா உள்தட்டில் இடிக்கும், காசும் போச்சு சாமானும் போச்சு.

பிறகுதான் காகிதம். 1934இல் வந்த தேசிய துப்பாக்கிச் சட்டப்படி ஒவ்வொரு சைலன்சரும் ஆள் பெயரோடு பதிவாக வேண்டும். ஏடிஎஃப் என்ற மத்திய இலாகாவின் ஃபார்ம் 4, பத்து விரல் ரேகை, பாஸ்போர்ட் அளவுப் படம், உள்ளூர் போலீஸ் தலைவருக்கோ ஷெரிஃபுக்கோ ஒரு நகல். அந்த நகல் தகவலுக்குத்தான், அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் போய்விடுகிறது, பல டீலர்கள் கடையிலேயே ரேகை எடுத்துவிடுகிறார்கள். (அக்காவுக்கு முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய கை, ஐசி (அடையாள அட்டை) எடுக்கப் போனபோது மெஷின் கட்டைவிரலை ஏற்கவே இல்லை, நாலு தடவை துடைத்துத் துடைத்து வைத்தார். மகனுக்கு முதல் தடவையே பதிந்துவிட்டது என்றதும் ‘கீபோர்டு தட்டுற கைதானே’ என்றார்.)

வரி 1934 முதலே 200 டாலராக இருந்தது. அந்தக் காலத்தில் அது பல துப்பாக்கிகளின் விலையைவிட அதிகம், வாங்காதே என்று சொல்வதற்கே வைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கு அந்த வரி பூஜ்ஜியம். இவன் 2022இல் முழுசாகக் கட்டினான், இன்னமும் புலம்புகிறான். ஆனால் வரிதான் போனது, பதிவு போகவில்லை. ‘இப்போ ஃப்ரீ, சும்மா வாங்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்து வருஷம் வரை ஜெயில்.

அனுமதி வரும்வரை சாமான் டீலரின் பெட்டகத்தில்தான் இருக்கும், காசு முழுக்கக் கட்டியிருந்தாலும். இவனுக்குப் பத்து மாதம் ஆனது. இப்போது சில பேருக்குச் சில நாளிலேயே வருகிறது, கூட்டம் சேர்ந்தால் இழுக்கும். வந்த அனுமதியின் நகலைப் போனிலும் துப்பாக்கிப் பையிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமான பையன் என்றால் சொந்தப் பெயரில் வாங்குவதா டிரஸ்ட் (பொருளைப் பல பேருக்குப் பொதுவாக வைக்கும் சட்ட ஏற்பாடு) பெயரிலா என்று யோசிக்கட்டும். சொந்தப் பெயர் என்றால் அவன் ஊரில் இல்லாதபோது பெட்டகச் சாவி மனைவியிடம் இருப்பதே சிக்கல். டிரஸ்டில் இருவர் பெயரும் இருந்தால் இருவரும் வைத்திருக்கலாம், ஆனால் இருவரும் ரேகையும் படமும் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் இருபது முப்பது டாலருக்கு ‘துப்பாக்கி கழுவும் கிட்’ என்று ஒரு குழாய் வரும். ஓட்டை போட்டால் சைலன்சர் ஆகிவிடும் என்று விளக்க வீடியோ வேறு. தொடவே கூடாது. சொந்தமாகச் செய்வதற்கும் முன்கூட்டியே ஃபார்ம் 1 அனுமதி வேண்டும், இந்தக் கிட்டை வாங்கியவர்களுக்கு இலாகாவிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போயிருக்கிறது.

கடைசியாக, இங்கே. கோப்பிக்கடையில் ஒருவர், காட்டுப் பன்றிக்கு லைசென்ஸ் ஷாட்கன் வைத்திருப்பவர், ‘பையன்கிட்ட சொல்லி ஒண்ணு கொண்டு வரச் சொல்லேன்’ என்றார், பாதி விளையாட்டாக. நம் மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் சத்தத்தைக் குறைக்கும் பாகமும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வருகிறது, வெறும் குழாய்தானே என்று தப்ப முடியாது. அமெரிக்கப் பக்கமும் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டு போவது குற்றம். இந்த ஊரில் 1948 ஜூனில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றதில்தான் கம்யூனிஸ்டுகளை அடக்க வந்த மலாயா அவசரகாலமே பிறந்தது, அப்போது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குத் தூக்கு. கிழவர்களுக்கு இன்னமும் அந்தக் காலத்தைப் பேசினாலே குரல் இறங்கிவிடும்.

சைலன்சரை அங்கேயே பூட்டிவிட்டு வரலாம், ஆனால் பையைப் பாருங்கள். ரேஞ்சுக்குத் தூக்கிப் போகிற பையிலேயே துணி அடுக்கிக்கொண்டு விமானம் ஏறாதே என்று நான் சொல்லித்தான் அனுப்பினேன், உள்ளே ஒரு தோட்டா கிடந்தாலும் இங்கே அதே சட்டம்தான். போன தீபாவளிக்கு அவன் புதுப் பையோடுதான் வந்தான். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை, திண்ணையில் பையைக் கவிழ்த்துப் போட்டு, உள் தையலை எல்லாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு போட்டார்.