பினாங்கில் ஒரு பகல்: கப்பலை விடாமல் ஊரைச் சுற்றுவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவு போய்வரும் சுற்றுலாக் கப்பல்களில் பல, மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு பகல் நிற்கும். காட்பாடியில் ரயிலேறியதிலிருந்து கப்பலேறும் வரை டிராவல்ஸ்காரர் பார்த்துக்கொள்வார். தீவில் இறங்கிய பிறகு நம் பாடு. அங்கே கப்பல்காரர்கள் விற்கும் டூர் தேவையில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பாதி ஊரை நடந்தே பார்க்கலாம்.

படி 1: வேலூரிலேயே முடிக்க வேண்டியவை

சிங்கப்பூர் விசாவில் ‘மல்டிபிள்’ என்று இருக்கிறதா பாருங்கள். கப்பலில் திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு உண்டு. நீங்கள் போகும் தேதிக்கும் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்டால் போலித் தளம். வாடகைக் கார் கூப்பிடும் கிராப் ஆப்பையும் இங்கேயே பதிந்துவிடுங்கள், அங்கே போய் ஓடிபிக்குத் திண்டாட வேண்டாம்.

படி 2: கடிகாரம்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கடலில் கப்பலின் செல்போன் நெட்வொர்க்கைப் பிடித்துவிட்டால் பில் எகிறும் என்று எல்லோரும் ஃபிளைட் மோடில் வைத்திருப்பார்கள். அது சரிதான். ஆனால் அப்படியே வைத்திருந்தால் பல போன்களில் இந்திய நேரமே நிற்கும். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். கையிலிருக்கும் போன் 1:30 என்று சொல்லும்போது துறையில் மணி 4:00.

செட்டிங்ஸில் தானாக நேரம் மாறுவதை நிறுத்தி, கோலாலம்பூர் என்று கையால் போடுங்கள். பெரியவர்களின் பட்டன் போனிலும் மாற்றிக் கொடுங்கள். பிறகு கப்பலில் மாட்டியிருக்கும் கடிகாரத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். எப்போதும் கணக்கு கப்பல் நேரம்தான்.

அடுத்தது, ‘5 மணிக்குப் புறப்படும்’ என்றால் 5 மணிக்கு வந்து ஏறலாம் என்று அர்த்தமில்லை. கடைசியாக ஏறும் நேரம் தனி. பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். அது 4:00 என்றால் 3:15-க்குத் துறை வாசலில் நில்லுங்கள், பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும்.

படி 3: இறங்குவது

கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், தண்ணீர், குடை. பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்திருப்பார்கள் என்பதால் நகல் கட்டாயம். பஃபேயில் எடுத்த வாழைப்பழத்தைப் பையில் போடாதீர்கள், உணவைக் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். நம்மூர் வெயிலில் வியர்வை காய்ந்துவிடும், அங்கே காயாது. மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

படி 4: மலையா, ஊரா?

இரண்டையும் சேர்க்காதீர்கள். பினாங்கு மலை 833 மீட்டர். ஏறும் ரயில் சுமார் 2 கிலோமீட்டர் ஓடுகிறது, 1920-களிலிருந்து இருக்கும் பாதை. வெல்ட் கீ பேருந்து நிலையத்தில் 204 பிடித்தால் அடிவாரம். சில்லறை சரியாக வையுங்கள், பேருந்தில் மீதி கிடைக்காது. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் ரயில் வரிசையே பகலைத் தின்றுவிடும். அன்றைக்கு மலையை விட்டுவிடுங்கள். போவதானால் இறங்கியதும் முதல் வேலையாகப் போங்கள்; தூரத்து இடம் முதலில், துறையை ஒட்டியது கடைசியில்.

குழந்தைகளும் பெரியவர்களும் கூட வந்தால் ஊர்தான் என் ஓட்டு. துறையருகே விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு. ஆட்சியின் 60 ஆண்டுக்கு 60 அடி. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. வேலூர்க் கோட்டையைப் பார்த்த கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், அரை மணி போதும். அங்கிருந்து நேராகக் குயின் தெரு, 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். பிறகு ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்கள், கடைசியாகத் தண்ணீர்மேல் கால் நட்டுக் கட்டிய சியூ ஜெட்டி வீடுகள்.

படி 5: சாப்பாடு

லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு சுலபம். வெளிக்கடைகளில் ‘காய்கறி’ என்று சொன்னாலும் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் பெலாச்சான் இருக்கலாம். அது இறாலில் செய்வது. சைவர்கள் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பிற்சேர்க்கை

கப்பலை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். தினமும் அறைக்கு வரும் தாளிலோ கப்பல் ஆப்பிலோ துறைமுக ஏஜென்ட்டின் எண் இருக்கும். இறங்குமுன் அதைப் படம் பிடித்து வையுங்கள், ஒரு துண்டுத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் நகரும். அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானச் செலவு உங்களுடையது.