ஆறு வாரப் பாக்கியை அடைத்த விதம்

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஏற்காட்டில் பிள்ளைக்கு நாங்கள் வீட்டிலேயே நடத்தும் பாடம் ஆறு வாரம் பின்தங்கியது. தினமும் இரண்டு மடங்கு நடத்தினால் மூன்றாம் நாளே பிள்ளை சோர்ந்துவிடும். அந்த வழி வேண்டாம்.

முதலில் விட்டுப்போன ஒவ்வொரு கணக்குப் பாடத்துக்கும் ஐந்து கேள்வி கொடுங்கள். நான்கு சரியென்றால் அந்தப் பாடத்தைத் தாண்டலாம். இரண்டு மூன்று என்றால் தவறிய வகையை மட்டும் எடுங்கள். அதற்கும் கீழே என்றால் முழுசாக நடத்த வேண்டும். இதிலேயே பாக்கி நன்றாகக் குறைந்துவிடும்.

பின்னத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். அது ஆட்டம் கண்டால் விகிதம், சதவீதம் எல்லாம் சரியும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினால், கட்டம் போட்ட நோட்டில் 12 கட்டம் வரைந்து, பாதிக்கு 6, மூன்றில் ஒன்றுக்கு 4 வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டம் நிறையும். 10/12, அதாவது 5/6. கண்ணால் பார்த்தபின் அந்தத் தவறு பெரும்பாலும் திரும்புவதில்லை.

அறிவியலையும் புவியியலையும் சேர்த்துவிடலாம். சேலத்தில் ஒருமுறை, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் ஒருமுறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்தால் உயரமும் வெப்பநிலையும் ஒரே பாடம். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும்.

வழக்கமான பாடத்தோடு தினம் 25 நிமிடம் மட்டும் பாக்கிக்கு. வெள்ளிக்கிழமை காலியாக இருக்கட்டும். அந்த வாரம் விட்டுப்போன பாடம் அங்கே உட்காரும்.