ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் வண்டியின் பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது சிறிய வேலைதான். ஆனால் அதில் கை தவறினால் நேரும் சேதம் சிறியதாக இருப்பதில்லை. இன்றைய இன்ஜின்களில் பெரும்பாலானவற்றின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது, பிளக்கின் உடலோ எஃகு. மென்மையான உலோகத்தில் வெட்டிய மரைக்குள் கடினமான உலோகம் ஏறி இறங்குகிறது என்பதை மறந்து செய்யும் வேலையில்தான் மரை போகிறது.

முதல் தவறு, சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றுவது. சூட்டில் அலுமினிய மரை எளிதில் அடிபடும் என்பதால் இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டிகளின் 5.4 லிட்டர், மூன்று வால்வு இன்ஜினில் பிளக்கின் நீண்ட அடிப்பகுதி கரி படிந்து ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது உள்ளேயே முறிந்துவிடுவது பலரும் அறிந்த தொல்லை. அத்தகைய பிளக்கைச் சிறிதளவு மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்லத் திருகி எடுப்பதே வழி. அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் ரெஞ்சை அதன் அருகே கொண்டுபோகக் கூடாது.

பிளக்கின் மேல் அமர்ந்து அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலை எடுத்தவுடன் பிளக்கைக் கழற்றத் தொடங்குவதும் தவறு. பிளக் குழியில் சேர்ந்திருக்கும் மணலும் தூசியும், பிளக் வெளியே வந்த அந்த நொடியில் சிலிண்டருக்குள் விழும். ஆகவே பிளக் இன்னும் இறுகியிருக்கும்போதே காற்றழுத்தத்தால் குழியை ஊதிச் சுத்தம் செய்துவிட வேண்டும். காயிலின் கனெக்டரைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்தி விடுவியுங்கள்; ஆண்டுக்கணக்கில் சூட்டில் இருந்த பிளாஸ்டிக் பூட்டு எளிதில் ஒடிந்துவிடும்.

புதிய பிளக்கைப் பொருத்தும் கட்டத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை உண்டு. ராட்செட்டை மாட்டாமல், சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் விரலால் பிடித்து, முதல் சில சுற்றுகளைத் திருக வேண்டும். இடையில் சிறிது முரண்டினாலும் வலுக்கட்டாயமாகத் திருகாமல் பின்னால் திருப்பி, மறுபடி நேராக வைத்துத் தொடங்க வேண்டும். பிறகு தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்க வேண்டும். அந்த அளவு கிடைக்காத நிலையில், வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக்கைக் கையால் இறுகும்வரை திருகிய பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை இறுக்கலாம். வாஷர் இல்லாத கூம்பு வடிவப் பிளக்குக்குச் சுற்றில் பதினாறில் ஒரு பங்கே போதும். அதிகம் இறுக்கினால் மரை போகும். தளர்வாக விட்டாலும் ஆபத்துதான், ஏனெனில் பிளக்கின் சூடு பெரும்பாலும் அதன் மரை, அடித்தளம் வழியாகவே ஹெட்டுக்கு இறங்குகிறது. அந்தத் தொடுகை குறைந்தால் பிளக் அளவுமீறிச் சூடேறும்.

மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. முலாம் பூசிய இன்றைய பிளக்குகளுக்கு அது தேவையில்லை என்று பிளக் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்; உராய்வு குறைவதால், டார்க் ரெஞ்சு சரியான அளவைக் காட்டும்போதே பிளக் மிகையாக இறுகியிருக்கும். இரிடியம் பிளக்கின் பொறி தாவும் முனைகளுக்கு இடையிலான இடைவெளியை, அதை அளக்கும் நாணய வடிவ கேஜால் நெம்பவும் கூடாது, அதன் மெல்லிய முனை உடைந்துவிடும். தரையில் விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால் அதைப் பொருத்தாதீர்கள்.

காயிலைப் பொறுத்தவரை, சோதிக்காமல் மாற்றுவதே பெரிய தவறு. ஸ்கேனரில் தெரியும் பி0303 என்ற பிழைக் குறியீடு மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமை) நேர்கிறது என்று மட்டுமே சொல்கிறது. காயில் கெட்டது என்று சொல்லவில்லை. அந்தக் காயிலை ஐந்தாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0305 ஆக மாறினால் குற்றம் காயிலில் இருக்கிறது. பி0303 ஆகவே நின்றால் பிளக், வயரிங், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். கழற்றிய காயிலின் ரப்பர் பூட் (பிளக்கின் மேல் மாட்டும் உறை) எண்ணெயில் நனைந்திருந்தால், வால்வு கவர் கேஸ்கெட்டையோ பிளக் குழியின் சீலையோ முதலில் மாற்றுங்கள், இல்லையேல் அதே எண்ணெய் புதிய ரப்பர் உறையையும் கெடுக்கும். வேலை முடிந்த பிறகும் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்குவதற்கு முன் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.