மண்டலினை ஸ்பீக்கரில் ஏற்றும்போது

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில், மண்டலினில் ஒட்டியிருந்த பியசோ பிக்கப்பை (வாத்தியத்தின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சின்ன வில்லை) நேராக மிக்சரில் செருகிவிட்டேன். தகர டப்பாவைச் சுரண்டியது போல ஒரு சத்தம். தபலாக்காரர் சிரித்தேவிட்டார். கோளாறு பிக்கப்பில் இல்லை. பியசோவுக்கு 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் இன்புட் இம்பீடன்ஸ் (சிக்னல் நுழையும் இடத்தின் மின்தடை) வேண்டும். மிக்சரின் லைன் இன்புட்டில் பெரும்பாலும் 10 கிலோஓமை ஒட்டித்தான் இருக்கும். அதனால் கீழ்ஸ்வரங்களின் கனம் போய்க் கீச்சுக்குரல்தான் மிஞ்சும். நடுவில் ஒரு சின்ன ப்ரீஆம்ப் (சிக்னலை முன்னாடியே பெருக்கும் கருவி), இல்லையென்றால் பியசோவுக்கு ஏற்ற ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (மின்சாரத்தில் இயங்கி, வாத்தியச் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போடுங்கள்.

அப்புறம், வழக்கமான ஜி-டி-ஏ-இ சுருதியில் மண்டலினின் தடித்த கம்பி 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வருவதெல்லாம் மேடைப் பலகை அதிர்வும் கை இடிக்கும் சத்தமும்தான். மிக்சரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ‘லோ கட்’ வடிகட்டியை 120, 150 ஹெர்ட்ஸ் வரை தைரியமாக ஏற்றலாம்.

மைக்தான் வேண்டுமா? சரி, வாத்தியத்தின் ஓட்டைக்கு நேரே நீட்டாமல், கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தை நன்றாகவும் பின்பக்கச் சத்தத்தை மிகக் குறைவாகவும் பிடிப்பது) என்றால் மானிட்டர், அதாவது வாசிப்பவர் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். டிரம்ஸ் முழங்கும் மேடையில் மட்டும், என்னைக் கேட்டால், பிக்கப்தான்.